வழியிடை வரலாறு

வழிச்செல்வோர் இரு வகையினர். சென்று சேரும் ஊரை மட்டும் கருதிச் செல்வோர் ஒரு வகையினர். செல்லும் வழியையும் ஊன்றி நோக்கிச் செல்வோர் மற்றொரு வகையினர். முன்னவர்க்குச் சாலை என்பது விரைவிற் கடந்துவிட வேண்டிய ஒரு தொலைவு. பின்னவர்க்கோ அது விரித்து வைக்கப்பட்ட ஒரு நூல். கல்லும் மரமும் குளமும் கோயிலும் அந்நூலின் எழுத்துகள். எதிர்ப்படும் மக்கள் அதற்கு உரை கூறுவோர்.

இவ்வுண்மையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனை இடைவழியிற் கண்டு, தான் சென்ற வழியையும் அவ்வள்ளலின் ஊரையும் எடுத்துரைத்து அவனைச் செலுத்துவதே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையாகும். ஆறு என்பது வழி. படை என்பது படுத்துதல், அதாவது செலுத்துதல். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சார்ந்தவை. முன்பின் அறியாத இருவர் வழியில் எதிர்ப்படுவதையே பொருளாகக் கொண்டு ஓர் இலக்கிய வகை எழுந்தது எனின், அச்சந்திப்புக்கு முன்னோர் அளித்த மதிப்பு எத்தகையது என்பது புலனாகும்.

அக்காலத்தில் வழிச்செலவு கால்நடையாக நிகழ்ந்தது. பின்னர் வண்டியும் குதிரையும், அவற்றின் பின் புகைவண்டியும் பேருந்தும் வந்தன. இவற்றுள் மோட்டார் சைக்கிள் ஒரு தனி இயல்பு உடையது. செருமனி நாட்டில் 1885ஆம் ஆண்டில் காட்லீப் டைம்லர் என்பவரும் வில்கெல்ம் மேபாக் என்பவரும் மரச்சட்டம் ஒன்றில் பெட்ரோல் எந்திரத்தைப் பொருத்தி ஓட்டிய வண்டியே இன்றைய மோட்டார் சைக்கிளின் முன்னோடி எனக் கருதப்படுகின்றது. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில நிறுவனத்தின் கூட்டுறவோடு தோன்றிய என்பீல்டு தொழிற்சாலை, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 'புல்லட்' என்னும் வண்டியைச் செய்து அளித்தது. அதன் ஓசை நாட்டுப்புறச் சாலைகள் எங்கும் பழகிய ஓசையாயிற்று.

இவ்வண்டிக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வயலின் ஈரமும், வேப்பம்பூவின் மணமும், மழைக்கு முன் எழும் மண்வாசனையும் ஊர்பவனை நேரே வந்து அடையும். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ஒற்றையடிப் பாதையிலும் ஓரளவு செல்லலாம். இவற்றின் எந்திரங்கள் பல, எதிர்வரும் காற்றினாலேயே குளிர்விக்கப்படுவன. எந்திரத்தைச் சுற்றிலும் அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய தகடுகள் வெப்பத்தைக் காற்றில் விடுகின்றன. ஆதலின் நெடுந்தொலைவு ஓடியபின், அல்லது மலைவழியில் மெல்ல ஏறியபின், வண்டியை நிறுத்தி இளைப்பாறச் செய்தல் நன்று. அவ்வாறு நிற்கும் இடங்களே வரலாற்றைக் காணும் இடங்களும் ஆகின்றன.

விரைவு பற்றியும் ஒரு சொல். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்பவன் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகின்றான். சாலையோரத்தில் முழங்கால் உயரத்தில் நிற்கும் கல் ஒன்று அவன் கண்ணில் பட்டும் கருத்தில் படாது மறையும். விரைவு மிகுந்தால் காட்சி குறைவதோடு உயிர்க்கும் இடர் நேரும். தலைக்கவசம் அணிதலும், புறப்படுமுன் தடையையும் சக்கரத்தின் காற்றையும் சங்கிலியையும் ஆராய்தலும், இருள் சூழுமுன் தங்குமிடம் சேர்தலும் இன்றியமையாதன. பல்லிணை உடைய மோட்டார் சைக்கிளை ஓட்ட உரிமம் பெறுதற்குப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது சட்டம். அவ்வயது எய்துமுன், மாணவர்கள் பேருந்திலோ மிதிவண்டியிலோ சென்றும் இவ்வழிக் கல்வியைப் பெறலாம்.

இனி, ஒரு சாலையை எடுத்துக்கொண்டு அதன்கண் பயில்வோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை ஆகிய ஊர்களின் வழியே கிருட்டிணகிரி வரை செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுடையது. நில்லாது சென்றால் அரைநாளில் கடந்துவிடலாம். நின்று நின்று சென்றால் மூன்று நாளும் போதா.

திண்டிவனத்தைக் கடந்து மேற்கே செல்லச் செல்ல, பாறைகளை வாரிக் குவித்தாற் போன்ற குன்றுகள் தோன்றுகின்றன. அவற்றிடையே செஞ்சிக் கோட்டை நிற்கின்றது. மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைத்த அரண் அது. 1677ஆம் ஆண்டில் சிவாசி அதனைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் இராசாராமைப் பிடிக்க வந்த முகலாயப் படை 1690 முதல் 1698 வரை அதனை முற்றுகையிட்டுக் கிடந்தது. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபுடன் பொருது மாண்ட இளைஞன் தேசிங்கின் கதையையும், அவன் குதிரையின் புகழையும் நாட்டுப்புற மக்கள் கதைப்பாடலாகப் போற்றி வருகின்றனர். 2025ஆம் ஆண்டில் இக்கோட்டை, மராத்தியர் அரண்கள் பலவற்றோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

கோட்டையைக் காண்போர் பலர். அதனருகே உள்ள திருநாதர்குன்றைக் காண்போர் சிலரே. அக்குன்றில் சமண தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் உருவங்கள் ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவாகப் பொறித்த சிறு கல்வெட்டும் அங்கு உண்டு. அது தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர்க்கு அரிய சான்றாகும். 'ஐ' என்னும் எழுத்துத் தனி வடிவில் முதன்முதலாகக் காணப்படுவது இக்கல்வெட்டிலேயே என அறிஞர் குறிப்பர். நாள்தோறும் மாணவர்கள் எழுதும் ஓர் எழுத்தின் பழைய பிறப்பிடம், பேருந்து செல்லும் சாலைக்கு அணித்தாகவே இருக்கின்றது.

திருவண்ணாமலையைத் தாண்டிச் செங்கத்தை அணுகுங்கால் தமிழ் பயில்வோர் உள்ளம் களிகூரும். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்தில் கூறப்படும் செங்கண்மா என்னும் பழம்பதியே இன்றைய செங்கம். அங்கு ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடினார். அப்பாட்டில் வரும் சேயாறு இன்றும் செய்யாறு என்னும் பெயரால் செங்கத்தின் பக்கத்தே ஓடுகின்றது.

அப்பாட்டு ஓர் ஆற்றுப்படை. ஆதலின் வழியின் இயல்பு அதன்கண் விரிவாகக் கூறப்படுகின்றது. பன்றியைப் பிடிக்க வைத்த பொறிகள் எங்கே உள்ளன, பாம்புகள் உறையும் இடம் யாது, எவ்வூரார் எத்தகைய உணவு அளிப்பர் என்பன எல்லாம் அதில் உண்டு. கவர்த்த வழிகளில் வீரர்களின் பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்கும் என்றும் புலவர் கூறுகின்றார். மேலும், முன்பு அறியாத நாட்டில் செல்லும் புதியவர்கள், வழிகள் கூடும் சந்திப்பைத் துடைத்துத் தூய்மை செய்து, பின்வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுதல் வேண்டும் என்றும் அறிவுறுத்துகின்றார். இக்காலத்துக் கைகாட்டி மரங்களுக்கு அப்புல் முடிச்சே முன்னோடி எனலாம்.

புலவர் கூறிய நடுகற்கள் கற்பனை அல்ல. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அவற்றை ஆராய்ந்து 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை 1972ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இக்கற்களுள் பெரும்பாலானவை ஆனிரை காத்தோ கவர்ந்தோ மாண்ட எளிய வீரர்க்கு எடுக்கப்பட்டவை. மன்னர்களின் பெருமையைக் கோயிற் சுவர்கள் கூறுகின்றன. ஊர்க்காவலனின் பெருமையை வயல்வரப்பில் நிற்கும் இக்கற்களே கூறுகின்றன.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் நெஞ்சை உருக்குவது. அது மகேந்திர பல்லவனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டில், நடப்பட்டது. எருமைகளைக் காக்கும் போரில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் வீழ்ந்தான். அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாய், கள்வர் இருவரைக் கடித்து அவ்விடத்தை விட்டு அகலாது காத்து நின்றது. அக்கல்லில் வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. நன்றி மறவாத நாய்க்கு நன்றி மறவாத ஊரார் செய்த சிறப்பு அது.

இத்தகைய கற்களைத் தேடிச் செல்பவர், தாம் கற்ற சொல்லைக் கொண்டே வழி வினவினால் விடை கிடைப்பது அரிது. ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் சென்று, ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரை அணுகுவதாகக் கொள்வோம்.

"ஐயா, இப்பக்கத்தில் பழைய நடுகல் ஏதேனும் உண்டா?" என்று அவர் வினவுகின்றார்.

"அப்படி ஒன்றும் இல்லை, தம்பி" என்கின்றார் முதியவர்.

"வில்லும் கத்தியும் ஏந்திய ஆள் உருவம் செதுக்கிய கல்?" என்று இளைஞர் மீண்டும் கேட்கின்றார்.

முதியவர் நகைத்து, "அதுவா! அது எங்கள் வேடியப்பன் அல்லவா? அந்தப் புளியமரத்தடியில் இருக்கின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போ, தம்பி" என்கின்றார்.

திருவண்ணாமலை, தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய மாவட்டங்களில் நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடுவது வழக்கம். அறிஞர்க்கு அது கல்வெட்டு. ஊரார்க்கு அது தெய்வம். ஊரார் தெய்வமாகக் கொண்டமையாலேயே அக்கற்கள் பல நூற்றாண்டுகளாக அழியாமல் நிற்கின்றன. கல்வி கற்றவர் இவ்வுண்மையை உணர்ந்து, முதியவர் சொற்படி காலணியைக் கழற்றிவிட்டுச் செல்லுதலே பண்பாகும்.

கிருட்டிணகிரியை அடைந்தபின் தெற்கே திரும்பினால் தருமபுரி. அது சங்க காலத்தில் தகடூர் எனப் பெயர்பெற்ற அதியமான்களின் நாடு. பிற்காலத்து அதியமான் பெயரால் அமைந்த பெருவழி ஒன்றின் தொலைவுக் கற்கள் இம்மாவட்டத்தில் கிடைத்துள்ளன. நாவற்றாவளம் என்னும் ஊர்க்கு இருபத்தொன்பது காதம் என ஒரு கல் கூறுகின்றது. இருபத்தேழு காதம் என மற்றொன்று கூறுகின்றது. முதற்கல்லில் எழுத்தோடும் எண்ணோடும் நில்லாது, இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி ஒன்று பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்று ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வணிகனும் வண்டிக்காரனும், இரவில் வந்தால் விரலால் தடவியேனும், தொலைவை அறிந்துகொள்ளலாம். கல்லாதவனையும் கருதிச் செய்த அந்த ஏற்பாடு, பெருவழி எல்லார்க்கும் உரியது என்னும் கொள்கையை விளக்குகின்றது.

அரிய கல்வெட்டுகளே அன்றி, எளிய கற்களும் எல்லாச் சாலைகளிலும் உண்டு. இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தி அமைத்ததைச் சுமைதாங்கி என்பர். அது ஏறத்தாழ ஆள் தோளின் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு தனியே வருபவன், பிறர் கை உதவியின்றித் தன் சுமையை அதன்மேல் இறக்கவும், இளைப்பாறியபின் மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளவும் அவ்வுயரம் ஏற்றது. கருவுற்ற நிலையில் மாண்ட பெண்களின் நினைவாக இவற்றை அமைப்பது வழக்கம். வயிற்றில் சுமந்த சுமையை இறக்காமலே இறந்தவள் பெயரால், வழிப்போக்கரின் சுமை இறக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் துயரம் ஊரார்க்கு உதவியாக மாறிய வரலாறு, அந்த மூன்று கற்களுள் அடங்கியுள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மைல் கற்கள் நடப்பட்டன. புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த பழைய மைல் கற்கள் சிலவற்றில் உரோம எண்களோடு தமிழ் எண்களும் காணப்படுகின்றன. 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்துக்குப் பின்னர் மெட்ரிக் முறை பரவ, மைல் கற்களின் இடத்தைக் கிலோமீட்டர் கற்கள் பெற்றன. இக்கற்களின் தலை மஞ்சளாக இருப்பின் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருப்பின் மாநில நெடுஞ்சாலை. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் தென்னாட்டில் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. மரம், கிணறு, சத்திரம், சுமைதாங்கி ஆகிய யாவும் வழிச்செல்வோர்க்கு முன்னோர் விட்டுச்சென்ற கொடைகளே.

வழியிற் காணும் கற்கள் பழமையை உணர்த்தும். வழியிற் காணும் மக்கள் உள்ளத்தையே மாற்றுதலும் உண்டு. 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அர்செந்தீனா நாட்டு மருத்துவ மாணவர் எர்னெசுடோ சே குவேராவும் அவர் நண்பர் ஆல்பெர்ட்டோ கிரனாடோவும், பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிள் ஒன்றில் தென்னமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டனர். சிலி நாட்டில் வண்டி முற்றும் பழுதாகிவிட்டது. அதன்பின் அவர்கள் சரக்கு வண்டிகளிலும் கால்நடையாகவும் சென்றனர். செம்புச் சுரங்கம் ஒன்றை நோக்கிச் செல்லும் வழியில், ஒரு பாலைநில இரவில், வேலையிழந்து வாடிய தொழிலாளர் ஒருவரையும் அவர் மனைவியையும் கண்டு தம் போர்வையை அவர்களுக்கு அளித்தனர். தாம் மிகுந்த குளிரை உணர்ந்த இரவு அதுவாயினும், மக்களோடு தமக்கு நெருக்கம் உண்டாயிற்று என்று குவேரா பின்னர் எழுதினார். பிற்காலத்தில் அவர் புரட்சியாளராகப் பெயர்பெற்றதற்கு அச்செலவில் கண்ட காட்சிகளும் காரணமாயின. வண்டி பழுதாகாமல் ஓடியிருப்பின், அவ்விருவரையும் அவர் கண்டிருப்பாரோ என்பது சிந்தித்தற்குரியது.

நம் நாட்டுச் சாலைகளிலும் இத்தகைய சந்திப்புகளுக்குக் குறைவில்லை. தேநீர்க் கடைக்காரர், சக்கரத்துக்கு ஒட்டுப் போடுபவர், நுங்கு விற்கும் அம்மையார், கோயில் பூசாரி, ஏரிக்கரையில் மீன் பிடிக்கும் சிறுவர் ஆகிய ஒவ்வொருவரும் தத்தம் ஊரைப் பற்றி, நூலில் இல்லாத செய்தி ஒன்றை அறிந்திருப்பர். அவர்களிடம் செய்தியைப் பெற விரும்புவோர், வண்டியை நிறுத்தி, இறங்கி, வணங்கி, வயதுக்கு ஏற்ற மரியாதைச் சொல்லால் அழைத்துப் பேசுதல் வேண்டும். வண்டியின்மேல் இருந்தவாறே எந்திரத்தின் ஓசைக்கிடையில் வினவுபவனுக்குத் திசை மட்டும் கிடைக்கும். இறங்கி நின்று கேட்பவனுக்குக் கதையும் கிடைக்கும்.

இக்கதைகளும் கற்களும் எஞ்ஞான்றும் நிலைத்திருக்கும் என எண்ணுதல் கூடாது. போக்குவரத்துப் பெருகப் பெருகச் சாலைகளை அகலப்படுத்துவது இன்றியமையாததாகின்றது. அவ்வாறு அகலப்படுத்துங்கால் இருபுறத்துப் புளியமரங்கள் வீழ்கின்றன, சுமைதாங்கிகள் பெயர்க்கப்படுகின்றன, எழுத்துள்ள கல் ஒன்று, அதன் அருமை அறியப்படாமல், வாய்க்காலின் குறுக்கே பாலமாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் ஆகிவிடுதல் உண்டு. ஒரு கல் இடம்பெயர்ந்தால் அது கூறும் செய்தியிற் பாதி அழிகின்றது. ஏனெனின், நடுகல்லும் தொலைவுக்கல்லும் நின்ற இடத்தாலேயே பொருள் பெறுவன. கதை அறிந்த முதியவர் மறையின் மற்றப் பாதியும் அவரோடு மறைந்துவிடும்.

ஆதலின் எழுத்துள்ள கல்லைக் காணும் மாணவர்கள் செய்யத் தக்கன சில உண்டு. அதனை அசைத்தலோ பெயர்த்தலோ கூடாது. எழுத்து விளங்கும்பொருட்டுச் சுண்ணாம்போ எண்ணெயோ வண்ணமோ பூசுதல் கூடாது. காலையிலோ மாலையிலோ கதிரவன் ஒளி சாய்வாக விழும்பொழுது எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும்; அப்பொழுது படம் எடுத்தால் எழுத்து நன்கு புலப்படும். கல்லின் உயரம், அகலம், அது நிற்கும் இடம், ஊரார் அதற்கு வழங்கும் பெயர், அது பற்றி அவர்கள் கூறும் கதை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறையினர்க்கோ வட்டாட்சியர்க்கோ தெரிவித்தல் நன்று.

பெருஞ்செலவு செய்து நெடுந்தொலைவு சென்றால்தான் இக்கல்வி கிட்டும் என்பதில்லை. ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் ஒரு கல் நிற்கின்றது. ஒவ்வொரு மரத்தடியிலும் அதன் கதை அறிந்த ஒருவர் அமர்ந்திருக்கின்றார். மலைபடுகடாத்துக் கூத்தர்க்குப் புல் முடிந்து வைக்கக் கூறிய புலவர், வழி என்பது பின்வருவோர்க்கும் உரியது என்பதையே உணர்த்தினார். கண்டதைக் குறித்து வைத்தலும், கேட்டதைப் பிறர்க்கு உரைத்தலும், உள்ளதை அழியாமல் காத்தலும் இக்காலத்து மாணவர் முடிய வேண்டிய புல் முடிச்சுகளாகும்.